லேப் அத்தை பதில் சொல்ல மாட்டார்

எங்கள் மாடியில் குடியிருந்தவரிடம் மணி கேட்டால்கூட மணி சொல்ல மாட்டார். "வெயில் எந்தப் படியில நிக்குன்னு பாரு" என்பார். எங்கள் மாடிப்படி கிழக்குப் பார்த்தது. எதிர்வீட்டுச் சுவரைத் தாண்டி வரும் வெயில் முதலில் மேல் படியில் விழும். நேரம் ஆக ஆக ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கும். பத்து மணிக்கு அது எந்தப் படியில் நிற்கும் என்பது தெருப்பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவர் சொல்லித்தரவில்லை, அவர்களாகவே பார்த்து வைத்திருந்தார்கள். படிக்குக் கீழே, கையில் கடிகாரத்துடன் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். என்னிடம் யாரும் மணி கேட்கவில்லை.

அவர் ஒரு சாயப்பட்டறையில் லேப் இன்சார்ஜ். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நாற்பதைத் தொடும் வயது, தனியாக இருந்தார். பிள்ளைகள் அவரை லேப் அத்தை என்று கூப்பிட்டார்கள். அவர் பெயரை எழுதினால் விரும்பமாட்டார் என்று நினைக்கிறேன். அதனால் எழுதவில்லை.

எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அவர் நகங்களின் ஓரத்தில் அன்றைய சாயம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கியதும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வார். "இன்னைக்கு எங்க பட்டறையில என்ன கலரு ஓடுச்சு?" என்பார். பிள்ளைகள் ஆளுக்கொரு நிறம் சொல்வார்கள். எல்லோரும் சொல்லி முடித்த பிறகுதான் விரல்களைக் காட்டுவார். எனக்கு ஒரு பனியன் கம்பெனியில் காஸ்டிங் வேலை. ஒரு பனியனுக்கு நூல் எவ்வளவு, சாயம் எவ்வளவு, தையல் எவ்வளவு என்று கணக்குப் போடுவது. நான் வீட்டுக்கு வரும்போது என் விரலில் எதுவும் இருக்காது.

அவர் வருவதற்கு முன்பு எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னுடைய வினாடி வினாதான். வாரம் முழுக்க கேள்விகளைச் சேர்த்து வைப்பேன். பொது அறிவு, விலங்குகள், விண்வெளி, கணக்குப் புதிர் என்று நான்கு சுற்று. பழைய காலிங் பெல் ஒன்றைப் பலகையில் பொருத்தி வைத்திருந்தேன். பதில் தெரிந்தவர் அதை அழுத்த வேண்டும். முதல் பரிசு ஜியாமெட்ரி பாக்ஸ். என் மகளுக்குப் பரிசு கிடையாது, நடுவரின் பிள்ளை என்பதால். ஆனால் அவள்தான் பெரும்பாலும் முதலில் பெல் அடிப்பாள். அடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்காகத்தான் வாரம் முழுக்க அவ்வளவு பாடு பட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

அவளுக்கும் எனக்கும் இன்னொரு நேரம் இருந்தது. இரவுச் சாப்பாடு. அது எங்கள் வீட்டில் கேள்வி நேரம். தண்டவாளத்துக்கு நடுவில் ஏன் ஜல்லி கொட்டுகிறார்கள், வெங்காயம் நறுக்கினால் ஏன் கண்ணீர் வருகிறது என்று தட்டில் கையை வைத்துக்கொண்டே கேட்பாள். நான் சொல்வேன். தெரியாவிட்டால், தண்ணீர் எடுக்கிற சாக்கில் அடுக்களைக்குப் போய் செல்போனில் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். "அப்பாவுக்குத் தெரியாததே கெடையாதும்மா" என்று அம்மாவிடம் சொல்வாள். என் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்வாள்.

மாடிக்கு அவர் குடிவந்து சில வாரங்களில், வினாடி வினாவுக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகள் குறைய ஆரம்பித்தார்கள். முதலில் எதிர்வீட்டுக் கவின். அப்புறம் மூலைவீட்டு இரட்டையர்கள். மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். ஒருநாள் மூன்றாவது சுற்றின் நடுவே என் மகள் எழுந்து, "ஒன்னுக்குப் போயிட்டு வர்றேன்ப்பா" என்றாள். திரும்பி வரவில்லை. மேலே பார்த்தேன். கைப்பிடிச் சுவருக்கு மேல் அவளுடைய இரட்டைச்சடை தெரிந்தது.

நானும் மேலே போனேன். வீட்டுக்காரன் என்ற முறையில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டேன்.

அன்று கவின் சோகமாக இருந்திருக்கிறான். அவன் அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். முதல்நாள் அவளுக்கு லைன் சூப்பர்வைசரிடம் திட்டு விழுந்திருந்தது. இடுப்பு எலாஸ்டிக்கை வளையமாக மூட்டும்போது சில சமயம் கை தவறி ஒரு முறுக்கு விழுந்துவிடும். செக்கிங்கில் உடனே கண்டுபிடித்து பீஸைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படி முறுக்கு விழுந்து, துணியிலிருந்து பிரித்துப்போட்ட வளையங்கள் சிலவற்றை, லேப் அத்தை கேட்டார் என்பதற்காகக் கவின் கொண்டு வந்திருந்தான்.

"உங்கம்மா தப்பாத் தச்சிட்டாவன்னு யாரு சொன்னா?" என்று அவர் ஒரு வளையத்தைத் தூக்கிப் பிடித்தார். "இதுல எத்தன பக்கம் இருக்கு, சொல்லு."

"ரெண்டு" என்று எல்லோரும் கத்தினார்கள்.

"எண்ணிப் பாத்தியளா?"

"இதுல எண்ண என்னங்க அத்த இருக்குது? உள்பக்கம் ஒன்னு, வெளிப்பக்கம் ஒன்னு" என்றாள் என் மகள்.

அவர் டெய்லர் சாக்பீஸை அவள் கையில் கொடுத்தார். "கையெடுக்காம நடுவுல ஒரு கோடு போட்டுட்டே போ."

அவள் போட்டுக்கொண்டே போனாள். கோடு தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. வளையத்தைத் திருப்பிப் பார்த்தால் எல்லாப் பக்கமும் கோடு. வெளிப்பக்கம், உள்பக்கம் என்று இரண்டு இல்லை. கவின் வளையத்தைப் பிடுங்கி இன்னொரு முறை கோடு போட்டுப் பார்த்தான். இரட்டையர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இப்ப இந்தக் கோட்டு மேலயே கத்திரி வச்சு வெட்டப்போறேன்" என்று அவர் கத்திரிக்கோலை எடுத்தார். "வெட்டினா என்ன வரும்? ஆளாளுக்கு ஒரு பதில் சொல்லுங்க. யாரும் அடுத்தவன் சொன்னதச் சொல்லப்பிடாது."

எனக்கு அது தெரியும். படித்திருக்கிறேன். தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே சொன்னேன். "இதுக்குப் பேரு மோபியஸ் வளையம். நடுவுல வெட்டுனா ரெண்டா வராது. ஒரே பெரிய வளையமா வரும்."

அத்தனை பிள்ளைகளும் என் பக்கம் திரும்பினார்கள். பாராட்டுவார்கள் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். என் மகள் முகத்தில் இருந்தது வேறு. தியேட்டரில் பின்சீட்டில் உட்கார்ந்து கிளைமாக்ஸைச் சொல்லிவிட்டவனைப் பார்க்கிற பார்வை.

"ஏம்ப்பா சொன்னீங்க?" என்றாள்.

"அண்ணாச்சி சொல்லிட்டாவ. அது சரிதானான்னு நாம பாப்போம்" என்று அவர் சமாளித்து வெட்டினார். ஒரே பெரிய வளையம்தான் வந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள், ஆனால் பாதி மனதுடன். உடனே அவர் இன்னொரு முறுக்கு எலாஸ்டிக்கை எடுத்தார். "நடுவுல வெட்டாம, ஓரத்துல இருந்து மூணுல ஒரு பங்கு தள்ளி வெட்டிட்டே போனா? அண்ணாச்சி, இதுக்கு என்ன வரும்?"

எனக்குத் தெரியவில்லை. அடுக்களை கீழே இருந்தது. செல்போனும் கீழே இருந்தது.

"தெரியலைங்க" என்றேன்.

"ஆ, அப்ப நல்லதாப் போச்சு" என்று அவர் உண்மையான சந்தோஷத்துடன் சொன்னார். கத்திரி இரண்டு சுற்று போயிற்று. ஒரு பெரிய வளையமும் அதற்குள் கோத்துக்கொண்டு ஒரு சின்ன வளையமும் வந்தன. கவின் தெருவுக்கே கேட்கும்படி கூவினான். வளையங்களை ஒரு மாலையைப் போலக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "எங்கம்மா தச்சது! எங்கம்மா தச்சது!" என்று படியில் இறங்கி ஓடினான். நான் தொட்டியின் மூடியைத் திறந்து, தண்ணீர் இருப்பதைப் பார்த்து, மூடிவிட்டு இறங்கினேன்.

அன்றைய நாட்குறிப்பில் "மாடிக்காரர் பிள்ளைகள் நடுவில் கத்திரிக்கோல் எடுப்பது பற்றிப் பேச வேண்டும்" என்று எழுதியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் விடவில்லை. களிமண்ணில் எரிமலை செய்தேன். உள்ளே சமையல் சோடா, மேலே ஊற்ற எலுமிச்சம் சாறு, சிவப்பு நிறத்துக்கு ஃபுட் கலர். பிள்ளைகளை அழைத்து வரிசையாக உட்கார வைத்தேன். ஊற்றுவதற்கு முன்னால், அமிலமும் காரமும் சேர்ந்தால் வாயு வரும், அதனால் இப்போது பொங்கும், அந்த வாயுவுக்குப் பெயர் இது என்று விளக்கினேன். பிறகு ஊற்றினேன். பொங்கியது. பிள்ளைகள் மரியாதையாகப் பார்த்தார்கள்.

"நல்லா இருக்குதுங்க மாமா" என்று இரட்டையர்களில் ஒருவன் சொல்லிவிட்டு, மாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டான், "போலாமுங்களா?"

என் மனைவி களிமண்ணைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "ஏனுங்க, சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போயி வாசல்லயே கதையைச் சொல்லி அனுப்புனா எவன் உள்ள வருவான்?"

"அப்ப தெரிஞ்சதைச் சொல்லக் கூடாதுங்கறியா?"

"நான் எதுஞ் சொல்லலீங்க. அந்தம்மாகூடப் போட்டிக்குப் போறது உங்களுக்கே ரொம்ப எச்சாத் தெரியலீங்களா?"

எனக்கு அது போட்டியாகத் தோன்றவில்லை. என்னிடமிருந்து ஒன்றை எடுத்துப் போய்விட்டார்கள் என்றுதான் தோன்றியது. ஏனென்றால் இரவுச் சாப்பாடு அமைதியாகிவிட்டது.

மெரூன் துணி விஷயத்தில் அதை முழுதாக உணர்ந்தேன். அவர் லேபிலிருந்து இரண்டு மெரூன் துண்டுகளைக் கொண்டுவந்திருந்தார். அறைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒரே நிறம். மொட்டைமாடி வெயிலுக்குக் கொண்டுபோனால் ஒன்று மெரூன், இன்னொன்று பழுப்பு. எங்கள் தொழிலில் இது விளையாட்டில்லை. கடை விளக்கு வெளிச்சத்தில் நிறம் மாறித் தெரிந்ததற்காக முழு ஆர்டரும் திரும்பி வந்த கதை பல கம்பெனிகளில் உண்டு. அதற்குக் காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைகள் உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டே இருந்தார்கள். "எது நெசமான நிறம்? வெயில்ல தெரியிறதா, லைட்டுல தெரியிறதா?" என்று மட்டும் அவர் கேட்டிருக்கிறார். வழக்கம்போல் பதில் சொல்லவில்லை.

அன்று இரவு என் மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"என்ன கண்ணு யோசனை?"

"மெரூன் பத்திங்கப்பா."

"அது ஒன்னுமில்ல கண்ணு, ரெண்டு துணியிலயும் போட்ட சாயம்..."

"அப்பா!" என்று இரண்டு காதையும் எச்சில் கையோடு பொத்திக்கொண்டாள். "சொல்லாதீங்கப்பா. நானே கண்டுபிடிக்கிறேன்."

ரசம் ஊற்றிக்கொண்டேன்.

அவரைப் பற்றி அப்போது எனக்கு ஒரு சந்தேகமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் போன பிறகு அவர் மொட்டைமாடியில் நடந்துகொண்டே போன் பேசுவார். பேச்சு கீழே கேட்கும். அன்று காலை எங்கள் பிள்ளைகளிடம் கேட்ட அதே கேள்வியை யாரிடமோ கேட்பார். அதே முறுக்கு எலாஸ்டிக், அதே மெரூன். "கோடு எங்கன போய் முடிஞ்சிது? இல்ல, இல்ல, நல்லா யோசி. நாளைக்குச் சொல்லு, என்ன?" என்று சட்டென்று முடித்துவிடுவார். முடித்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருப்பார். ஊரெல்லாம் பிள்ளைகள் சேர்த்து வைத்திருக்கிறார், எங்கள் தெரு போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஒருமுறை என் மகளே கேட்டாள். "அத்த, உங்களுக்குப் பாப்பா இருக்குதுங்களா?"

"நீயே சொல்லு பாப்போம்."

"இல்லை" என்றான் கவின். "இருக்குது, ஃபாரின்ல" என்றான் இரட்டையர்களில் ஒருவன். எல்லோருக்கும் அது இன்னொரு புதிர். அவர் சிரித்துக்கொண்டே துணித்துண்டுகளை மடித்து அடுக்கினார். ஒரே துண்டை மூன்று தடவை பிரித்து மடித்தார்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த சமயத்தில் ஒரு சாயங்காலம் அவர் கீழே வந்தார். மாதக் கடைசியில் காலி செய்வதாகச் சொன்னார். என் மனைவி காபி போட உள்ளே போனாள். மனதில் எனக்கு ஒரு நிம்மதி வந்ததை மறைக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கிடைக்கும்.

"எதுக்குங்க திடீர்னு?" என்று கேட்டேன். 'நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி' என்று வரும் என எதிர்பார்த்தேன். வரவில்லை.

"எனக்கு ஒரு மக இருக்கா அண்ணாச்சி. உங்க மக வயசுதான். நாங்க பிரிஞ்சப்ப அவ கைப்பிள்ள. அவங்க அப்பா வீட்லதான் வளந்தா. ஞாயித்துக்கிழம மட்டும் போன்ல பேசலாம்னு சொன்னாவ. பேசினா என்ன பேசுவா? சாப்ட்டியா, சாப்ட்டேன். படிச்சியா, படிச்சேன். வச்சிருதேன். அவ்வளவுதான். ஒருநா என்ன செய்யன்னு தெரியாம ஒரு விடுகத போட்டேன். விடையச் சொல்லல. மறுநா அவளே கூப்ட்டா."

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"விடையச் சொல்லிட்டா போன வச்சிருவா அண்ணாச்சி. அதான் சொல்லுதது கெடையாது. அப்பிடியே பழகிப்போச்சு."

"அப்ப எங்க பசங்களுக்குப் பண்ணுனதெல்லாம்?"

"சாம்பிளு" என்று சிரித்தார். "இங்க செஞ்சு பாப்பேன். பிள்ளைய எங்கன முழிக்கி, எங்கன சிரிக்கின்னு பாத்துக்கிடுவேன். சாம்பிள் ஓகே ஆனப்பொறவுதான மொத்தமா பல்க்கு போட முடியும்? உங்க மக மொகத்தத்தான் ரொம்பப் பாப்பேன். அவ எதுக்கு முழிக்காளோ அதுக்கு எம் மக கண்டிப்பா முழிப்பா." சிரிப்பு நின்றது. "இப்ப என்கூட வந்து இருக்கேன்னு அவளே அவ அப்பாட்ட கேட்டுட்டா. பள்ளிக்கூடம் மாத்தக் கூடாதுன்னாவ. சரி, நா அங்க போயிருதேன். அங்கன ஒரு ஸ்கூல்ல லேப் வேல கெடச்சிருக்கு."

காபி வந்தது. அதைக் குடிக்காமல் என்னைப் பார்த்தார். "உங்க பாப்பாட்ட இதச் சொல்லிராதிய அண்ணாச்சி. அவளுக்குன்னு செஞ்சதாவே இருக்கட்டும்."

அவர் போன பிறகு எனக்குக் கோபம்தான் வந்தது. என் மகள் சாம்பிளா? வினாடி வினாவை விட்டு, என்னை விட்டு, அவள் மேலே ஓடியது இன்னொரு பெண்ணுக்கு விடுகதை சரிபார்க்கவா? கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. 'நீ வெறும் சாம்பிள்' என்ற ஒரு வாக்கியத்தை நான் சொல்லிவிட்டால் போதும். என் மகள் மாடியை அண்ணாந்து பார்ப்பது நின்றுவிடும்.

அவர் ஒரு வெள்ளிக்கிழமை காலை காலி செய்தார். என் மகள் பள்ளியிலிருந்து வந்து மாடிக்கு ஓடினாள். இறங்கி வந்தபோது கையில் ஒரு முறுக்கு எலாஸ்டிக் இருந்தது. கதவுத் தாழ்ப்பாளில் அவளுக்காக மாட்டி வைத்திருந்தாராம். இரவுச் சாப்பாட்டின்போது அதை மணிக்கட்டில் போட்டிருந்தாள்.

"அத்த ஏம்ப்பா போனாங்க?"

பல மாதங்களுக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட கேள்வி. என் மனைவி கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும், அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவில் கதவில்லை.

"உங்களுக்குத் தெரியுங்களாப்பா?"

"தெரியும் கண்ணு."

வாக்கியம் நாக்கில் வந்து நின்றது. சொல்லியிருப்பேனா என்று எனக்கு இன்றும் தெரியாது. அதற்குள் அவள் என் வாயைப் பொத்திவிட்டாள். எலாஸ்டிக் என் மூக்கில் உரசியது.

"சொல்லிறாதீங்க! நாந்தான் கண்டுபிடிப்பேன். தினம் ஒன்னு சொல்வேன். நீங்க ஆமாம், இல்லைன்னு மட்டுந்தான் சொல்லோணும்."

அன்றிலிருந்து தினமும் ஒரு ஊகத்துடன் சாப்பிட உட்காருகிறாள். பட்டறையை மூடிவிட்டார்களா? இல்லை. அவருக்கு சாயத்தில் அலர்ஜியா? இல்லை. நாம் சத்தம் போட்டது பிடிக்கவில்லையா? இல்லவே இல்லை கண்ணு. ஒவ்வொரு ஊகத்துக்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறாள். அதைச் சொல்ல ஆரம்பித்தால் அவள் தட்டில் சோறு ஆறிப்போகும். பள்ளியில் நடந்தது, கவின் சொன்னது, வழியில் பார்த்தது எல்லாம் அதற்குள் வந்துவிடுகிறது. என் மனைவி பாத்திரங்களைக் கழுவி முடித்தும் நாங்கள் எழுந்திருப்பதில்லை. பலகையில் பொருத்திய காலிங் பெல்லை நான் இன்னும் பரணிலிருந்து எடுக்கவில்லை.

நேற்று அவள் மணிக்கட்டிலிருந்த எலாஸ்டிக்கைச் சுற்றிக்கொண்டே சாப்பிட்டாள். பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அத்தைக்கு என்னையாட்ட ஒரு பொண்ணு இருக்குதுங்களாப்பா?"

ஆமாம் என்றோ இல்லை என்றோ நான் சொல்லியிருக்க வேண்டும். அதுதான் விதி. ஆமாம் என்றால் அடுத்த கேள்வி எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அதற்கு அப்புறம் கேட்பதற்கு எதுவும் இருக்காது என்பதும் தெரியும்.

"நல்லா யோசி கண்ணு" என்றேன். "நாளைக்குச் சொல்லு."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பெல் அடித்துவிட்டு முன்பு பார்ப்பாளே, அந்தப் பார்வை. முகம் முழுக்கச் சிரிப்பு.

"அப்பா! அப்படியே லேப் அத்தையாட்டவே சொல்றீங்க!"